மாமனுக்கும் கலர் கொடு

மெஷினிலிருந்து இப்போதுதான் இறங்கிய பிளெக்ஸ் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. கடை முழுக்க மை வாடை. பந்தல்குடியிலிருந்து நீ வரும்போதெல்லாம் குனிந்து முகர்ந்துவிட்டு, "புதுப் பாடப்புத்தகம் மாதிரி இருக்குலே" என்பாய். இந்த பிளெக்ஸில் இருப்பது உன் படம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

வெளியே வெயில் தார் ரோட்டைத் தண்ணீராக்கிக் காட்டுகிறது. அதில் யார் நடந்து வந்தாலும் ஒரு நொடி நீதான் வருகிறாய்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. பிறகு நான் மதுரையில் டிசைன் படித்துக் கடை போட்டேன். நீ உரக்கடையில் உட்கார்ந்து, மூட்டைகளுக்கு நடுவே போனிலேயே டிசைன் செய்தாய். செய்ததோடு விட்டாயா? கற்றதையெல்லாம் நம் டிசைன் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டாய். பின்னால் லாரி ஹாரன் கேட்கும். கடைசியில் எப்போதும் ஒரே வரி: "வரலேன்னா மறுபடி கேளுங்க."

எனக்குப் பொறாமை. ஒருநாள் எல்லோரும் பார்க்க எழுதினேன்: "உரக்கடைக்காரர் உரத்தைப் பார்த்தால் போதும். தொழிலைத் தொழில்காரர்களுக்கு விடுங்கள்." நீ கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாய்.

அடுத்த வாரம் திருச்சுழிப் பக்கத்துக் காதுகுத்து ஒன்றுக்கு டிசைன் செய்தேன். குழந்தை மட்டும் வண்ணத்தில். சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, அத்தை எல்லோரும் கறுப்பு வெள்ளையில். அச்சடிக்குமுன் பெருமையாகக் குழுவில் போட்டேன். ஒரே கைதட்டல். நீ மட்டும் தனியாகப் போனில் கூப்பிட்டாய்.

"ஏலே, அச்சுக்கு விட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"உசுரோட இருக்கிறவுகள கறுப்பு வெள்ளையில போட்டுருக்கியே. மொத்தக் குடும்பத்தையும் மேல அனுப்பிட்டியேலே! மாமனுக்கும் கலர் குடு. சீர் கொண்டுட்டு வாரவுக வாசல்ல இதப் பாத்தா திரும்பிப் போயிருவாக."

உடனே எல்லோருக்கும் வண்ணம் கொடுத்து மாற்றினேன். மாற்றியதைப் போட்டதும் குழுவில் இன்னும் பாராட்டு குவிந்தது. பிழையைக் கண்டது நீ என்று நான் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ மாரடைப்பில் போய்விட்டாய். ஊரறிய ஏசினேன், மன்னிப்பை ஒருவருக்கும் தெரியாமல்கூடக் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மதியம் உன் வீட்டுக்காரி பிளெக்ஸை வாங்க வந்தாள். விரித்துக் காட்டினேன்.

"கலர்ல போட்டுருக்கீகளே அண்ணே?"

"அவன் சொல்லிக் குடுத்ததும்மா" என்றேன். பிளெக்ஸைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன்.

அவள் போனபின் குழுவைத் திறந்தேன். வீரசோழனில் தையல்கடை வைத்திருக்கும் பெண், டிசைன் பழகப் புதிதாகச் சேர்ந்தவர், யாரோ மறுபடி போட்ட உன் பழைய பதிவைக் கேட்டுவிட்டு உன்னிடமே கேட்டிருந்தார்: "அண்ணே, போட்டோவுல ஆள வெட்டி எடுக்கையில முடி ஓரம் மட்டும் பிசிறா வெட்டுதே, என்ன செய்ய?" காலையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. நீ இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

நான் பேசினேன். முதலில் அந்தக் காதுகுத்து பிளெக்ஸின் கதையை, நான் ஏசியதையும் சேர்த்து, எல்லோரும் கேட்கச் சொன்னேன். பிறகு முடியோரம் வெட்டும் வித்தையை, இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அனுப்பியபின் என் குரலை நானே போட்டுக் கேட்டேன். பின்னால் ஏதோ லாரி ஹாரன். கடைசியில், நான் சொன்னதாக நினைவே இல்லாத ஒரு வரி:

"வரலேன்னா மறுபடி கேளுங்க."