மாமரத்தில் காத்திருக்கும் அப்பா

டர்பன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் திலோஷ்ணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். இங்கே நானும் சுகம்தான், முழங்கால் வலியும் சளியும் இருக்கிறது, அதைவிடப் பெரிதாகக் கோபம் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் திட்ட வந்ததை மறந்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொலைப்பேன். பக்கத்து வீட்டு ரஞ்சனி தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், முழுதும் படி.

அன்று காலையில் உன் பெருமாள் சித்தப்பா வந்து, அண்ணி, கெளம்புங்க, ஆத்து முகத்துல அண்ணனுக்கு ஒரு பூசை போட்டுட்டு வந்துரலாம் என்றார். பூசைதானே என்று நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். உம்கேனி ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஐயர் பாலும் சாமந்தியும் கற்பூரமுமாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். காரின் பின்பக்கத்தைத் திறந்து சித்தப்பா எதை எடுக்கிறார் என்று பார்த்தால் உன் அப்பாவின் அஸ்திப் பானை. எரித்த சாம்பல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெள்ளைத் துணியில் கட்டி நம் மாமரத்தில் தொங்கவிட்டிருந்தேன், மகள் வந்துதான் கரைப்பாள் என்று எல்லாரிடமும் சொல்லியும் இருந்தேன். நான் கதவைப் பூட்டுகிற நேரத்தில் அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். பொம்பளைங்க கரையிலேயே நில்லுங்க என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீரில் இறங்கினார், பின்னாலேயே அவர் மகன் நவின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான். அந்தப் போனுக்குள் நீ. என் வயிற்றில் பிறந்த நீ. திலோஷ்ணியே சொல்லிட்டா அண்ணி, நீங்க செய்ங்க சித்தப்பா, நான் வீடியோல பாத்துக்கறேன்னு, என்று தண்ணீரில் நின்றபடி என்னிடம் சொல்கிறார்.

கரைவலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் நான் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை, உனக்கே தெரியும். அன்று மார்பு வரைக்கும் இறங்கினேன். சித்தப்பா, பொம்பளைங்க எறங்கக் கூடாது அண்ணி என்று கத்தினார். வலை இழுக்க ஆள் பத்தாதப்ப மட்டும் மத்த பொம்பளைங்க எறங்கலாமா என்று கேட்டு, பானையைப் பிடுங்கினேன். துணிமுடிச்சை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். அலை ஒன்று வந்து தள்ளியது, என் முழங்கை பட்டு நவினின் போன் கடலோடு போயிற்று. நீ கடைசியாகப் பார்த்தது என் முழங்கையைத்தான். ஐயர் கற்பூரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், புத்திசாலி. நனைந்த சேலையோடு பானையை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வீடு வந்து சேர்ந்தேன். அப்பா மறுபடி மாமரத்தில் இருக்கிறார்.

சித்தப்பா மேல் உள்ள கோபத்தை நேரிலேயே தீர்த்துக்கொண்டேன். உன் மேல் உள்ளது அப்படியே இருக்கிறது. அப்பா காரியத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. போன வருஷம் மாப்பிள்ளையின் தங்கை கல்யாணத்துக்கு ஃபிஜிக்குப் போக லீவு கிடைத்ததே. நீ வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் உன் அப்பா, போறவ போ, திரும்பி வந்து என் மூஞ்சில முழிக்காத என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாய். சொன்னது தப்புதான். அதற்காக அவரை நான் தினமும் திட்டுகிறேன், காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மரத்தடியில் நின்று, ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா கொறைஞ்சா போயிருப்பீங்க என்று கேட்கிறேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே பதில் சொன்னதில்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வலைக் கயிற்றில் கை வைத்தவனுக்குத்தான் மீனில் பங்கு என்பதில் அப்பா எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். கூடப் பிறந்த பெருமாளே கரையில் நின்று வேடிக்கை பார்த்தார் என்று ஒரு மீன்கூடக் கொடுக்காமல் அனுப்பியவர். அப்படிப்பட்டவர், நீ போன பிறகு ஒவ்வொரு வருஷமும் மத்தி மீன் கூட்டம் கரைக்கு வரும்போது மணலில் பங்கு பிரித்து முடித்து, கடைசியில் ஒரு குவியல் தனியாக வைப்பார். யாரும் தொட மாட்டார்கள், யாருடையது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். சின்ன வயதில் நீ கயிறு இழுத்துக் கை கிழித்துக்கொண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வைப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து அவரே வறுத்து, அவரே சாப்பிடுவார், எனக்கு ஒரு துண்டு தர மாட்டார்.

நேற்று இந்த வருஷத்து மத்தி வந்துவிட்டது. அப்பாவின் படகு ஓட்டிய பெக்கிதான் இப்போது பங்கு பிரிக்கிறான். எல்லாருக்கும் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, மா, அவளுக்கும் வைக்கவா, இல்ல இந்த வருஷத்தோட நிறுத்திரவா என்று கேட்டான். வை, அவ வர்றா என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன். உன் பங்கு ஃப்ரீசரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எனக்கு ஆட்டுக்கறி வைக்க வழியில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ மாரியம்மா துணை இருப்பாள். வரும்போது பழைய துணி ஒன்று எடுத்து வா, மார்பு வரைக்கும் நனையும். பானையை நான் பிடித்துக்கொள்கிறேன், முடிச்சை நீ அவிழ்.

கோபம் தீராத உன் அம்மா,
கோகிலம்