மாப்பிள்ளை கேலரி

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல சலூன்காரர் எழுதுகிறார். நான் நலம். உன் முட்டிவலி எப்படி? போன கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபத்தை அடுப்பில் போட்டுவிட்டு இதையாவது படி.

நம் மில் மைதானத்தின் கிழக்குக் கேலரியை ஒரு பெயிண்ட் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்களாம். 'மாப்பிள்ளை கேலரி' பலகையைக் கழற்றிவிட்டு அவர்கள் பெயரை மாட்டுவார்களாம். "குடும்பத்துல யாராவது வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா விட்டுடுறோம் பெரியவரே" என்றார் கிளப் செயலாளர். உன் புருஷனுக்காக வைத்த பெயர். ஒரு வரி எழுதம்மா.

மாப்பிள்ளையைப் பறிகொடுத்த அந்த ஃபுட்பால் மேட்ச் இத்தனை வருஷம் கழித்தும் கண்ணிலேயே நிற்கிறது. கடைசி நேரத்தில் நாம் போட்ட கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். எதிரணி துறைமுகத்துக்காரர்கள் சிரித்தார்கள். கல் பறந்தது, பாட்டில் பறந்தது. என் பக்கத்தில் நின்ற நம் மில் லாரி டிரைவருக்குக் காது பாதி தொங்கியது. கீழே பாய்ந்தால் கதவில் பூட்டு. மாப்பிள்ளைதான் வேலித் தகரத்தைப் பிய்த்து, முதுகால் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு போங்கடா!" என்று கத்தினார். கூட்டம் அந்த வழியாகத்தான் பிழைத்தது. அப்போதுதானே துறைமுகத்துக்காரன் எவனோ அவரைப் பாட்டிலால் குத்திக் கொன்றான். நம் தெருவுக்கு வந்த மாப்பிள்ளை என்று மறுவாரமே பலகை வைத்தோம்.

உன் அண்ணன்.

மார்ச் 15

அண்ணே,

முட்டி வலிக்கிறது. வரி எழுத மாட்டேன்.

அவர் உடம்பைக் கழுவியவள் நான். குத்து எங்கே இருந்தது? நெஞ்சிலும் கழுத்திலும் குதிகால் லாடம் பதிந்திருந்தது, பிறை பிறையாய். லாடம் அடித்த பூட்ஸ் துறைமுகத்தில் எவன் போட்டான்? உங்கள் மில்லில்தானே கொடுத்தார்கள்? குனியப் பொறுமையில்லாமல் அவரைத் தள்ளி, அவர் மேலேயே ஓடியிருக்கிறீர்கள்.

பிறகு பலகை வைத்து, கைதட்டி, என் வாயை அடைத்தீர்கள். அதனால்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வந்தேன். யார் மிதித்தது என்று உன் கிளப்காரர்கள் முன்னால் சத்தமாகச் சொல். இல்லையென்றால் இதுதான் கடைசிக் கடிதம்.

தங்கை.

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்த சலூன்காரர் அன்றைக்கு அப்புறம் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

சொல்லிவிட்டேன். கிளப் கூட்டத்தில் எழுந்து, "மாப்பிள்ளையைக் கொன்னது லாடம். நம்ம லாடம்" என்றேன். நம் மில் டீமின் பழைய கோல்கீப்பர், "வாய மூடுறா கிழவா" என்று கைத்தடியால் வாயிலேயே போட்டான். அவனுக்கு என்னைவிட வயசு கூட! முன்பல் தெறித்தது. நான் நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் இறக்கினேன். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, ரத்தத்தோடு எல்லோரும் உருண்டோம். செயலாளர் மேசைக்கு அடியில் பதுங்கிவிட்டார். அப்போது லாரி டிரைவர் அரைக்காதைப் பொத்திக்கொண்டு அலறினார்: "அவன் சொல்றது நிஜம்டா. என் பூட்ஸுக்கு அடியில அவர் நெஞ்சு ஏறி இறங்குச்சு. நான் நிக்கலடா."

அதற்கப்புறம் யாருக்கும் கை எழவில்லை.

பலகை இறங்கிவிட்டது. பெயிண்ட் கம்பெனி பெயர் ஏறிவிட்டது. நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். கேலரிக்குக் கீழே, தோளில் கட்டோடு கோல்கீப்பர் குனிய முடியாமல் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த மில்காரர்களும் கழற்றினார்கள். வெறுங்காலோடு ஏறினோம். சிமெண்ட் நெருப்பாய்ச் சுட்டது. ஆட்டம் முடியும்வரை நின்றோம்.

பலகை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. வந்து எடுத்துக்கொள்.

அண்ணன்.