காலண்டர் மறைத்த விரிசல்

மாமா,

இன்று காலை மளிகைக் கடையில் புது வருஷத்துத் தினசரி காலண்டர் கொடுத்தார்கள். ஆணியில் மாட்டுவதற்கு முன் உள்ளங்கையால் சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பார்த்தேன். உங்கள் பிள்ளை சிரித்தார். "அடையாறுல மூணாவது மாடியில இருக்கோம். இங்க என்னத்தத் தேடற?" என்றார். அவருக்கென்ன, சிரிப்பார். அன்றைக்கு உள்ளே இருந்தது நான்தானே.

நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாத மனிதர் நீங்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஆவணியில் முதல் முகூர்த்தம் குறித்தாயிற்று. மயிலாப்பூர் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு படுக்கையறை. பின்னால் இன்னோர் அறை எடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் அஸ்திவாரக் கடக்கால் தோண்டக் கூடாது. ஆவணி வரை பொறுத்தால் அறை கிடைக்காது. வேறு யாராக இருந்தாலும் கல்யாணத்தைத் தள்ளியிருப்பார்கள், இல்லையென்றால் ஆடியை மறந்திருப்பார்கள். நீங்கள் கடக்காலையே விட்டுவிட்டீர்கள்! துணி துவைக்கும் சிமெண்ட் தளத்தின் மேலேயே சுவர் எழும்பியது.

"மண்ணத் தொட்டாத்தானே புதுக் கட்டடம்? இது வெறும் ரிப்பேர் வேலப்பா" என்றீர்களாம். கொத்தனார் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டாராம். "நைனா, கடக்கால் இல்லாத சொவுரு ஒரு மழைக்குத் தாங்கும், ரெண்டு மழைக்குத் தாங்கும். அப்பால எறங்கிடும்."

அந்த அறைக்குத்தான் நான் வாழ வந்தேன். முதல் ஐப்பசியிலேயே மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. நீங்கள் அதன்மேல் காலண்டரை மாட்டினீர்கள். அடுத்த வருஷ மழையில் கோடு வெளியே எட்டிப் பார்த்தது. அதைவிடப் பெரிய காலண்டர் வந்தது.

அப்போது நான் ஐந்து மாதம். சுவருக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி கான்கிரீட் போட்டுவிடலாம் என்று ஏழுமலை வந்து சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கடப்பாரை படக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றீர்கள். உங்கள் முதல் குழந்தை தங்காமல் போனதற்கு அந்த வருஷம் வீட்டில் கிணறு வெட்டியதுதான் காரணம் என்று நீங்கள் நம்பியது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் பிள்ளைக்கோ அப்பா முன்னால் நாக்கு எழாது. வளைகாப்புக்கு முன்பே ஆதம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், மாமியார் இல்லாத வீட்டில் கிழவரை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்பார்கள். எனக்குப் போக்கிடமே இல்லை. படுத்தால் தலைமாட்டில் அந்தக் காலண்டர்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையெல்லாம் மழை. மத்தியானம் கதவைச் சாத்திப் படுத்தவள் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினால் கதவு அசையவில்லை. இழுத்தேன், உதைத்தேன். வெளியிலிருந்து நீங்களும் தள்ளினீர்கள்.

"பதறாதம்மா. மரம் ஊறியிருக்கு, அவ்வளவுதான்."

காலண்டரைக் கழற்றினேன். விரிசலில் என் விரல் நுழைந்தது. அதன் வழியே துவைக்கிற கல் தெரிந்தது.

"மரம் ஊறல மாமா! உங்க சுவர் எறங்கியிருக்கு!" என்று கத்தினேன். அதுவரை உங்களிடம் குரல் உயர்த்தியதில்லை.

பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த ஏழுமலையை அழைத்து வந்தீர்கள். ஜன்னல் கம்பிகள் சுவரோடு புதைத்தவை. அவற்றைத் தொட முடியாது. "கதவ ஒடிச்சா நெலைக்கு மேல கீற சொவுரு உள்ளார வுழுந்துரும். மொதல்ல முட்டுக் குடுக்கணும். முட்டு நிக்கறதுக்குக் குழி தோண்டணும். இன்னா சொல்ற நைனா?"

என் கையிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம் மூன்று முதல் நாலரை. கடிகாரத்தில் மூன்றேகால். இனி நாலரைக்குத்தான் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விரிசல் வழியே பார்த்தபோது நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கையில் கடப்பாரை.

"குடு நைனா, நான் தோண்டறேன்" என்றார் ஏழுமலை.

"வேணாம்பா. வர்ற தோஷம் என் தலையில விடியட்டும்."

"மாமா, ராகு காலம்!" என்றேன். ஏன் சொன்னேனோ.

"தெரியும்மா. நீ சுவர்கிட்ட நிக்காத, தள்ளிப் போ."

சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, கதவை அறுத்து, என்னை வெளியே கொண்டுவர ஐந்தரை ஆயிற்று. மறுநாளே மூலையில் வேலை ஆரம்பித்தது. ஒரு முழம் தோண்டுவது, கான்கிரீட் போடுவது, அது இறுகிய பிறகு அடுத்த முழம். மார்கழி முழுக்க நடந்தது. மார்கழியில் கட்டட வேலையையே தொடாத நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு குழியருகே நின்றீர்கள். மாமாவுக்குப் புத்தி வந்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று என் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பங்குனியில் உங்கள் பேத்தி பிறந்தாள். ஆணா பெண்ணா என்று நீங்கள் கேட்கவில்லையாம். "கை, கால், கண்ணு எல்லாம் சரியா இருக்கா?" என்று நர்ஸிடம் மூன்று தடவை கேட்டீர்களாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றதும், நாற்காலி பக்கத்தில் இருக்க, ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதீர்களாம். உங்கள் பிள்ளை வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்குப் புத்தியெல்லாம் வரவில்லை. அத்தனையையும் நம்பிக்கொண்டுதான் கடப்பாரையை எடுத்திருக்கிறீர்கள்.

அந்த அறைக்குள் மாட்டிக்கொண்ட கதையை நான் சொல்லாத ஆளில்லை. நீங்கள் போன பிறகும், கேட்பவர்கள் சிரிக்கிற மாதிரி உங்கள் குரலிலேயே சொல்வேன். மார்கழியிலிருந்து பங்குனி வரை, என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது ஒரு தடவையாவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள நல்லா உதைக்குது மாமா" என்று சொல்லியிருக்கலாம்.