கயிற்றுக்கு இரண்டு கை

அன்புள்ள அம்மா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். முழங்கால் வலி தேவலையா? பாப்பாவின் இருமல் நின்றதா?

நேற்று பேச்சு பாதியில் அறுந்ததும் பதறியிருப்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. எஜமானியின் நாயோடு நடந்தபடி பாப்பாவிடம் பேசினேன் அல்லவா, நகராட்சி ஆட்கள் இருவர் மறித்தார்கள். கயிற்றை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமாம். "பாத்தா படிச்சவ மாதிரி இருக்கே, போர்டு கண்ணுல படலையா?" என்று ஒருவர் கைப்பேசியைப் பிடுங்கினார். திரையில் சிரித்த பாப்பாவிடம், "உங்கம்மா நாய் மேய்க்கக்கூட லாயக்கில்லடா குட்டி" என்று கொஞ்சிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னதும் எஜமானி நாயைத்தான் மடியில் போட்டுத் தடவினார். "பாவம், புள்ள நடுங்குது." இனி நடைக்குக் கைப்பேசி கூடாதாம். எனக்கு வாய்த்த நேரம் அது ஒன்றுதான். மாலையில் பாப்பாவைப் போன் முன்னால் உட்கார வைக்காதே. அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கவேண்டும்.

அந்த ஆள் சொன்னதை அவள் திருப்பிச் சொல்கிறாளா? மறைக்காமல் சீக்கிரம் பதில் எழுது.

உன் மகள்