ஒரு 'உம்' பற்றி அரை மணி நேரம்

10.5.94, செவ்வாய்

கத்திரி வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. மாலையில் பெண் பார்க்க வருகிறார்கள், சாத்தான்குளத்திலிருந்து. அவருக்கு முப்பத்தாறு, மின்சார ஆபீஸில் கிளார்க். எனக்கு முப்பத்துமூன்று. பச்சைச் சேலையா, நீலமா? நீலம். அம்மா விடிந்ததிலிருந்து முழங்காலில், ஜெபம்.

அவர்கள் போன பிறகு:

அவரும் அவர் அக்காவும் மட்டும். முறுக்கு, காப்பி. பெரியவர்கள் எங்களை முன்னறையில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். எதிர்த்தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. ஏதோ கேட்க வாயெடுத்தவர் கையைக் காட்டித் தன் பேச்சையே நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் பொறுங்க. இந்த வரி வந்துரட்டும்."

வாசலில் காற்றும் நிற்பதாகப் பாட்டில் வரும் பெண் பாடும் வரி. எனக்கும் பிடித்தது.

"காற்றுன்னு மட்டும் சொன்னா வெறும் தகவல். காற்றும்னு சொன்னதாலதான் அவளும் நிக்கது தெரியுது. காத்திருக்கேன்னு பாட்டுல ஒரு இடத்துலயும் சொல்லல" என்றேன். சொல்லாததையும் சேர்த்துச் சொல்லும் 'உம்', எச்சவும்மை; அதை வகுப்பில் நடத்தும் தமிழ் டீச்சர் குரல் வந்துவிட்டது. வெட்கம்.

அவர் ஒப்பவில்லை. "அவ உள்ளல்லா இருக்கா. நிக்கது வந்தவன். உள்ள வரக் கூச்சப்பட்டு நிக்கான். அவன்கூடக் காத்தும் நிக்குது."

அப்படி ஒரு பொருள் இத்தனை வருடம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனாலும் விடவில்லை. அவரும் விடவில்லை. பாட்டு முடிந்து, அடுத்தடுத்த பாட்டுகளும் முடிந்து, அக்கா வந்து கூப்பிட்டபோதுதான் நிறுத்தினோம்.

அம்மா: "ஏட்டி, சம்பளம் என்னன்னு கேட்டியா?"

"கேக்கல."

"குடிப்பாரான்னு?"

"கேக்கல."

"பெறவு அரை மணி நேரமா என்னத்தப் பேசுன?"

"ஒரு உம்."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

12.5, வியாழன்

தகவல் இல்லை. வாங்கியவை: தேயிலை, கருப்பட்டி, சோப்பு. முன்பு வந்த இடங்களும் இப்படித்தான் பேச்சில்லாமல் நின்றன. ஒருவருக்கு என் வயது, ஒருவருக்கு நிறம். இது போனால் கொஞ்சம் வருத்தப்படுவேன் போலிருக்கிறது. இது புதிது.

13.5, வெள்ளி

பக்கத்து வீட்டுக்குப் போன், அவர் அக்கா. அம்மா ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். "பொண்ணு புடிச்சிருக்காம்! கல்யாணத்துக்குப் பெறவு வேலைக்கு மட்டும் போவாண்டாம்ங்காவ."

முடியாது என்றேன். தமிழ் வகுப்பை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

"இதுக்கு மேல யாருட்டி வருவா?" என்றாள் அம்மா. கோபமில்லை, பயம்தான்.

ஒரு வரிக்காகப் பேச்சை நிறுத்துகிற மனிதர் வேலையை விடச் சொல்வாரா? சொல்லலாம். பாட்டு வேறு, வீடு வேறு.

14.5, சனி

தூறல். மண்வாசனை. காலையில் சாத்தான்குளத்தார் தனியே வந்து நிற்கிறார்! என் தலையில் எண்ணெய். அம்மா காப்பி போடப் போனாள், காதை மட்டும் இங்கே வைத்துவிட்டு.

நேராகக் கேட்டேன். "நான் வேலைய விடணும்னு நீங்க நெனைக்கீங்களா?"

"அதுக்குத்தான் வந்தேன். அக்கா என்னைக் கேக்காமச் சொல்லிட்டா. இங்க பாளையங்கோட்டைக்கே மாத்தல் கேட்டு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்."

"கெடைக்காட்டி?"

"தெனமும் பஸ்ல போய்ட்டு வாரேன். நீங்க விடாண்டாம்."

அக்காவிடமும் சொல்லிவிட்டாராம். நேற்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், முகத்தில் கொஞ்சம் கலக்கம். கேட்காமலே சம்பளம் சொன்னார். குடிப்பதில்லை. மூக்குப்பொடி உண்டு. அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸுக்கு அவர் கிளம்பியதும் அம்மாவிடம் சரி என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிண்ட அடுப்பைப் பற்றவைத்தாள். ரவையை வறுத்த பிறகு பார்த்தால் சீனி இல்லை. எண்ணெய்த் தலையோடு நான்தான் கடைக்கு ஓடினேன்.