பெரியவளுக்காக வைத்திருந்த நான்கு டயர்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்ல, உன் தங்கை எழுதுகிறாள். என் கை எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் அதில் டயர் ஏறி இறங்கிய மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் இந்த ஏற்பாடு. அவள் படிப்பை நிறுத்தினாலும் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம், அறுவைச் சிகிச்சை முடிந்தும் உன் அம்மாவின் வலது முழங்கால் மட்டும் இன்னும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அங்கே நீயும், நீ வாங்கியிருக்கும் காரும், அதன் நான்கு சக்கரங்களும், டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை, மூன்றாவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

காருக்குப் பக்கத்தில் நின்று நீ எடுத்து அனுப்பிய படம் வந்தது. நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள், நான் சக்கரத்தைத்தான் பார்த்தேன். முன் டயர் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் புதுசாக இருக்கிறது, முன்பு ஓட்டியவர் காற்றே பிடிக்காத ஆள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிப் பிடித்த ஆள் என்று வைத்துக்கொள். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது, அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். உன் அம்மாவின் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்வதைப் பார்த்து இதையேதான் சொன்னேன். "என்னை என்ன வண்டின்னு நினைச்சியா" என்று கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் திட்டினாள்.

ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாராவாரம் பிடித்துக்கொண்டே இருக்காதே. வால்வு வாயில் சோப்புத் தண்ணீரைத் தடவு, நுரை முட்டையிட்டால் குற்றம் அங்கேதான். முட்டையிடவில்லை என்றால் ஆணி எங்கேயோ இருக்கிறது, கடையில் காட்டு. காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும். எவ்வளவு பிடிப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் மேலேயே எழுதியிருப்பது அது தாங்கும் எல்லை, அதைப் பார்த்துப் பிடிக்கக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம், அது டயர் பிறந்த தேதி. பழைய கார் வாங்கியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மருந்துக் கடைக்காரர் போன மாதம், "ரப்பருக்கு என்ன தேதி அண்ணே, கெட்டா போயிடும்" என்றார். "மாத்திரையில தேதி பாத்து விக்கிற, நாலு பேரை ஏத்திட்டுப் போற டயர்ல பாக்க மாட்டியா" என்று கேட்டேன். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும் என்று விளக்கினேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

இப்போது நம் கார் விஷயம். நீ ஓட்டக் கற்றுக்கொண்ட அதே கார்தான். டயர் கடைக்காரன் வண்டிக்கு எப்போதும் மற்றவர்கள் கழற்றிப் போட்டதுதான், அது உனக்கும் தெரியும். நான்கும் நான்கு கம்பெனி. போன வாரம் முதல் மழை, அம்மாவை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்டுக்கொண்டது, ஆனால் யோசித்துக்கொண்டே போனது. கடைசியில் சலவைக் கடையின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் சாய்ந்து நின்றது, யாருக்கும் ஒன்றும் இல்லை, கம்பம் மட்டும் இப்போது தெருவைப் பார்த்து வணக்கம் சொல்கிறது. சலவைக்காரம்மா வெளியே வந்து டயரைத் தடவிப் பார்த்தாள். "என்னண்ணே, என் இஸ்திரிப்பெட்டிகூட இவ்வளவு வழவழன்னு இல்லையே" என்றாள். உன் அம்மா கதவைத் திறந்து இறங்கி, ஊன்றுகோலோடு மழையில் மேடேறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பயிற்சிக்குப் போவதில்லை. வாடகைக் கார் ஒன்று வரவழைத்தேன், அதன் பின் டயரில் கம்பி தெரிந்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவதையும் அனுப்பினேன். இப்போது எந்த வாடகைக் காரும் கூப்பிட்டால் வருவதில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் போன் செய்து, இந்த நாட்களில் மடக்கிப் பழக்காவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அம்மாவிடம் சொன்னேன். "மடங்கலைன்னா போகட்டும், நான் என்ன மடக்கு நாற்காலியா" என்றாள். மூன்று நாளாகக் காலை நீட்டியே உட்கார்ந்திருக்கிறாள். அறுவைச் சிகிச்சைச் செலவு முடிந்த கையோடு புதுசு வாங்க இப்போது தோதில்லை, நீ இதை நினைத்துக் கவலைப்படாதே, பணமும் அனுப்பாதே.

உன் அறையில் இருக்கிற புது டயர் செட்டை எடுத்து மாட்டலாமே என்று உனக்குத் தோன்றலாம். அந்தப் பேச்சே வேண்டாம். அது நீ கிளம்பிய வருஷம், இரண்டு வருஷத்தில் வருவேன் என்று நீ சொன்னபோது வாங்கியது. நீ வந்து இந்தக் காரை ஓட்டும்போது போடுவதற்கு. துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறேன், ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்க மாதம் பிறந்தால் கால் சுற்று திருப்பி வைக்கிறேன். அது உன்னுடையது. இன்று முதல் தேதி, கடைக்கு வந்திருக்கிற வண்டியைப் பார்த்துவிட்டு அந்த வேலையும் முடித்துவிட்டு வந்து மீதியைச் சொல்கிறேன்.

அக்கா, இது நான், சின்னவள். அப்பா எழுந்து போயிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன். அந்த டயர்களுக்குப் பக்கத்தில்தான் நான் தூங்குகிறேன். அப்பா எல்லோர் டயரிலும் தேதி பார்ப்பார், இந்த நான்கிலும் தேதி இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது. மாதாமாதம் சுற்றுகிறார், ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை. இன்று காலை நான் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். இப்போதே மாட்டினால் சில வருஷம் ஓடும், இன்னும் நின்றால் யாருக்கும் உதவாது. எனக்கு அப்பாவிடம் நேரே சொல்ல வராது. கடையிலும் ஆட்களிடம் பேச வராமல், மாற்ற வேண்டிய டயரில் சாக்பீஸால் எழுதித்தான் அப்பாவிடம் உருட்டி விடுவேன். இதிலும் அப்படித்தான் செய்தேன். நான்கிலும் முன்பக்கம் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி, மறுபடி துணியைப் போர்த்திவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாயா? அம்மா உன் டயரைக் கேட்க மாட்டாள், அப்பா எடுக்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன். எடுத்துக்கொள்ளட்டுமா? உன் பதில் வருவதற்குள் அம்மாவின் கால் காத்திருக்காது என்பதால் கேட்டுக்கொண்டே செய்துவிட்டேன். அப்பா துணியை எடுக்கிற சத்தம் கேட்கிறது.

மறுபடியும் அப்பா. மறுநாள்தான் மீதியைச் சொல்ல முடிகிறது, நடுவில் கொஞ்சம் வேலை வந்துவிட்டது. நேற்று துணியை எடுத்தேன், நான்கு டயரிலும் சாக்பீஸ். இது யார் எழுதியது என்று கேட்டேன். தங்கை பேனா மூடியை வெகு நேரம் ஆராய்ந்தாள். உன் அம்மா நீட்டிய காலோடு உள்ளேயிருந்து, "எழுதினது யாருன்னு அப்புறம் பாக்கலாம், எழுதினது சரியான்னு பாரு" என்றாள். புரட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சுவர் பக்கம் ஏன் வைத்தேன் என்று கேட்காதே, கைக்கு வந்தபடி வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கடைக்காரர் அந்த நேரம் பார்த்து வராமல் இருந்தது என் நல்ல காலம். பிறகு ஜாக்கியை எடுத்தேன். தங்கை போல்ட்டுகளைத் தளர்த்தினாள், அவள் கை இப்போது உறுதிப்பட்டுவிட்டது.

இன்று காலை அம்மாவை ஏறச் சொன்னேன். ஊன்றுகோலால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, தங்கையும் வந்தால்தான் ஏறுவேன் என்றாள், நான் பிரேக் போட்டேனா இல்லையா என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமாம். மழைதான். சரிவில் சலவைக் கடைக்கு நேராக, ஒரு காரணமும் இல்லாமல், பிரேக்கை மிதித்தேன். நின்றது. சொன்ன இடத்தில் நின்றது. சலவைக்காரம்மா பயந்துபோய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னிடம், "இதையா இத்தனை வருஷம் போர்வை போத்தித் தூங்க வெச்ச" என்றாள். பயிற்சியில் கால் கொஞ்சம் மடங்கியது. அவள் போட்ட சத்தம் வெளியே நிறுத்தியிருந்த காருக்குக் கேட்டது, இனி ஒழுங்காக வருவேன் என்றும் சொல்லியிருக்கிறாள். உன் அறையில் அம்மா கொடி கட்டித் துணி காயப் போட்டுவிட்டாள். தங்கைக்கு ரப்பர் வாசனை இல்லாமல் தூக்கம் வரவில்லையாம்.

கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் வாசித்ததைவிட எழுதியிருப்பது நீளமாகத் தெரிகிறது. இருக்கட்டும்.

நீயும் உன் வண்டியும் வழுக்காமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். இரண்டே டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடு, முன்னால் போடச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார். உன் செட்டை எடுத்துவிட்டேன் என்று வருத்தப்படாதே, நீ வரும்போது வேறு வாங்குவேன், ஒரு வாரம் முன்னால் வாங்கினால் போதும். ஆனால் தேதி தெரியாமல் இனி டயர் வாங்கி வைக்க மாட்டேன். அதனால் அடுத்த கடிதத்தில் மற்றதெல்லாம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா
(அம்மாவும் சொன்னதாக எழுதச் சொன்னாள்: தேதி.)