ஒரு பொய், ஒரு ஆய்வேடு, ஒரு வெள்ளிக்கிழமை

அக்கா,

இன்று காலை கடைக்கு ஸ்டேஷனரி சரக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் ரப்பர் பெட்டிகள்தான் அதிகம். ஒன்றைப் பிரித்ததும் ஸ்ட்ராபெரி வாசனை குப்பென்று வந்தது. நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிற அந்த வாசனை ரப்பரை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரேம் தகட்டைத் தேய்த்துத் துடைப்பதற்காக வாங்கிப்போன ஒரே ஆள் இந்த கேம்ப் ரோட்டில் நீங்கள்தான். "சாதா வெள்ளை ரப்பர் போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "நாள் பூரா தூசிய மோந்துகினு கீறேன், இதாவது வாசனையா இருக்கட்டுமே" என்றீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் கடிதத்தை எழுத வரவில்லை. இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

கீழே என் ஜாப் டைப்பிங் கடை, மாடிப்படி முடிகிற இடத்தில் உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்துகொண்டிருந்த நீங்கள், நாற்பது வயதில் சொந்தமாகக் கடை போட்டு வந்தீர்கள். வருகிறவர்கள் உங்களைப் பார்த்துவிட்டு, "சார் இல்லையா?" என்று கேட்பார்கள். "சார் வூட்ல மெத்த தைச்சுகினு கீறாரு. மெத்த வேணுமா, கம்ப்யூட்டர் ரெடியாவணுமா?" என்று கேட்பீர்கள். கீழே இருந்து கேட்டு நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

ஆனாலும் முதல் இரண்டு வருடம் உங்களோடு நான் அவ்வளவாக ஒட்டவில்லை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்கிற நினைப்பு, யாராவது திருத்தினால் சுருக்கென்று கோபம். என் மெஷினை நானே பார்த்துக்கொள்வேன் என்று இருந்தேன். அந்த நினைப்புக்கெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.

தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைவிருக்கும். மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், அந்த வாரம் எட்டு மாத வயிறு. கையெழுத்தில் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து தருவாள், நான் அடிப்பேன், அவள் பிழை திருத்துவாள். ஏழு மாதமாக அதுதான் வேலை. முந்நூறு பக்கத்துக்கு மேல் முடிந்திருந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். விட்டால் பிரசவம், குழந்தை, பிறகு எப்போதோ. திருத்திய தாள்களை அவ்வப்போது கிழித்துப் போட்டுவிட்டதால், முழு ஆய்வேடு இருந்தது என் மெஷினிலும் நான் பேக்கப் எடுத்த ஒரு பென் டிரைவிலும் மட்டும்தான்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடிப்பதற்கென்று நாங்கள் வைத்திருக்கும் மென்பொருளைக் கண்டாலே ஆன்டிவைரஸுக்கு ஆகாது. வைரஸ் என்று சொல்லி எடுத்து உள்ளே பூட்டிவிடும். அதனால் தமிழ் வேலை வந்தால் ஆன்டிவைரஸை நிறுத்துவோம், முடிந்ததும் போடுவோம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எந்த டைப்பிங் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை நிறுத்தியதை நான் திரும்பப் போடவே இல்லை. நடுவில் யாரோ ஒருவர் பயோடேட்டா பிரின்ட் எடுக்க பென் டிரைவ் கொண்டுவந்தார், செருகினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷினைப் போட்டால், ஏதோ ஒரு சிஸ்டம் கோப்பைக் காணோம் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பக்கம் அமைக்கும் மென்பொருள் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்த ஃபோல்டர், வெறும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. அமுக்கினால் ஒன்றும் இல்லை. அந்த பேக்கப் பென் டிரைவை அவசரமாகச் செருகினேன். என் கண்ணெதிரே அதுவும் அப்படியே ஆனது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடுவேனா? காணாமல் போன கோப்பின் பெயரை நெட்டில் தேடி, இலவசமாகத் தருகிறோம் என்ற ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஆன்டிவைரஸைத் திறந்தால் கண் சிமிட்டுவதுபோல ஒரு ஜன்னல் வந்து மறைந்தது. ஒன்று வேலை செய்யாவிட்டால் என்ன, இன்னொன்று போடுவோம் என்று அதன் தலைமேலேயே வேறொரு ஆன்டிவைரஸை ஏற்றினேன். மெஷின் உறைந்து நின்றுவிட்டது.

தாம்பரம் சானடோரியம் பகுதியிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. "ஃபார்மட் போட்டுடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அப்போது நீங்கள் டீ சொல்வதற்காகக் கீழே இறங்கி வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள், திரையைப் பார்த்தீர்கள்.

"ஃபார்மட்டா? உள்ள இன்னா கீதுன்னு கேட்டீங்களா சார்?" என்று அவரைக் கேட்டீர்கள். அவர் கேட்கவில்லை. உள்ளே அந்தப் பெண்ணின் ஆய்வேடு இருப்பதை நான் சொன்னதும் அவரை மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லு. இது ஆவுறதுக்கு முன்னாடி கடைசியா நீ இன்னா பண்ண?" என்றீர்கள்.

"ஒண்ணும் பண்ணலக்கா. தானா போயிடுச்சு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறவள், ஆன்டிவைரஸை நிறுத்தி மறந்துவிட்டேன், கண்ட இடத்திலிருந்து கோப்பை இறக்கினேன் என்று எப்படிச் சொல்வது? கௌரவம் என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். தானாகப் போனது என்றால் மெஷினின் பாகங்களில்தான் கோளாறு என்று பெட்டியைக் கழற்றினீர்கள். ரேமை உருவி அந்த வாசனை ரப்பரால் தேய்த்தீர்கள். ஒயரை மாற்றினீர்கள், இன்னொரு ஒயரை மாற்றினீர்கள். மணி ஒன்றரை ஆனது. அன்று உங்கள் வீட்டில் நாத்தனார் குடும்பத்துக்கு விருந்து. தொழுகை முடிந்து வந்த உங்கள் வீட்டுக்கார அண்ணன் போன் செய்தார். அவர் குரல் எனக்கே கேட்டது: "எல்லாரும் தட்டு வெச்சுகினு ஒக்காந்துகினு கீறாங்க, நீ எங்க கீற?" நீங்கள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நீங்க சாப்புடுங்க. இங்க ஒரு பொண்ணோட படிப்பு மாட்டிகினு கீது" என்றீர்கள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உங்கள் நெற்றியில் தூசி அப்பியிருந்தது. "அக்கா, நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

திட்டப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வேறு ஒன்றைச் சொன்னீர்கள். கடை போட்ட முதல் வருடம், பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் மெஷின் மெதுவாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். நீங்கள் எதையும் கேட்காமல் ஃபார்மட் செய்துவிட்டீர்கள். அதில்தான் அவருடைய இறந்துபோன மனைவியின் குரல் பதிவுகள் இருந்தன.

"எல்லாம் போயிடுச்சாம்மான்னு கேட்டாரு. டிஸ்க் முன்னாடியே கெட்டுப் போயிருந்துச்சு சார்னு சொல்லிட்டேன். அவரும் நம்பிட்டாரு. தேங்க்ஸ்னு வேற சொல்லிட்டுப் போனாரு." நெற்றித் தூசியைத் துடைத்துக்கொண்டீர்கள். "அந்த தேங்க்ஸ்தாம்மா இன்னும் குத்துது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒவ்வொரு அடியாக நினைவிருக்கிறது. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, மாடிக்குக் கொண்டுபோய், உங்கள் மெஷினில் ஒரு கேபிள் வழியாக மாட்டினீர்கள். "இந்த வைரஸு எதையும் அழிக்காது. ஒளிச்சு வெச்சுட்டு பயம் காட்டும், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தீர்கள். மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர்! முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்தீர்கள். பிறகு ஒரு அத்தியாயத்தைத் திறந்தீர்கள். திரை முழுக்கப் புரியாத ஆங்கிலக் கிறுக்கல்.

எல்லாம் போச்சு என்றேன். நீங்கள்தான் நிதானமாக, "உன் எழுத்துரு என்கிட்ட இல்லமா, அதக் குடு" என்றீர்கள். எழுத்துருவை ஏற்றினோம். கிறுக்கலெல்லாம் தமிழாக மாறி, முதல் அத்தியாயம் முன்னுரையோடு எழுந்து நின்றது. முந்நூற்றுப் பதினோரு பக்கம். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் என் கையை உதறிவிட்டு, "இரு, இன்னும் உன் மெஷின் கீது" என்றீர்கள்.

டிஸ்கை வெளியில் இருந்தபடியே சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆன்டிவைரஸையும் நீக்கினீர்கள். காணாமல் போன கோப்பை எந்தத் தளத்திலும் தேடவில்லை. சிஸ்டத்திலேயே இருக்கும் ஒரு கட்டளையைக் கொடுத்தீர்கள், கெட்டுப்போன கோப்புகளை அதுவே பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டது. நடுவில் வெகு நேரம் ஒரே எண்ணில் நின்றது. நான் மவுஸைத் தொடப் போனேன். "கைய வெச்சுகினு சும்மா இரேன்" என்று அதட்டினீர்கள். கடைசியில் ஒரே ஒரு ஆன்டிவைரஸைப் போட்டு, என் தமிழ் மென்பொருளை மட்டும் விட்டுவிடச் சொல்லி அதில் குறித்துவைத்தீர்கள். நிறுத்தாமலே தமிழ் அடிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, "இப்ப அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணு" என்றீர்கள். எதற்கு, அதுதான் கிடைத்துவிட்டதே என்றேன். "அவ பொருளு அது. இன்னா ஆச்சுன்னு அவளுக்குத் தெரியணும்." நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் மட்டுமே நான் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாப் பக்கமும் கிடைத்ததா என்று கேட்டாள். பிறகு, "ஒரு காப்பி எனக்கும் மெயில்ல அனுப்பிடுங்க மேடம்" என்றாள். திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவள் வேலைகளை என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து நாம் ஒன்றாகச் சாப்பிட்ட மதியங்களை எண்ண முடியாது. உங்கள் வீட்டுத் தாளிச்சாவும் என் மீன் குழம்பும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அதையெல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியை எழுதாமல் விட முடியாது, அக்கா.

அண்ணனிடம் டாக்டர் வராந்தாவில் சொன்னபோது நானும் கூட நின்றிருந்தேன். இனி நீங்கள் இருக்கப்போவது வாரக் கணக்குதான் என்றார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒடைஞ்சு போயிடுவா" என்று கெஞ்சினார். எல்லோரும் உங்களிடம் அல்சர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அண்ணனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னீர்கள்.

"அல்சருக்கு இத்தினி பேர் வந்து பாக்க மாட்டாங்க. நீ சொல்லு, இன்னா கீது எனக்கு?"

அண்ணனுக்குத் தலையாட்டியிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது, ஒன்றுமில்லை அக்கா என்று. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன்.

நீங்கள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "புள்ள ரம்ஜானுக்கு வரேன்னான். ரம்ஜானுக்கு எத்தினி நாள் கீது?" என்று கேட்டீர்கள்.

"மூணு மாசம்கா."

"அப்ப இப்பவே வரச் சொல்லு."

துபாயில் வேலை செய்யும் உங்கள் மகனுக்கு நான்தான் போன் செய்தேன். மூன்றாம் நாள் வந்து இறங்கினான். பதினோரு நாள் உங்கள் கட்டிலை விட்டு நகரவில்லை. அவனுக்கு நீங்கள் கஞ்சி ஊட்டினீர்களா, அவன் உங்களுக்கு ஊட்டினானா என்று தெரியாத அளவுக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டீர்கள்.

வாக்கு மாறியதற்காக அண்ணன் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, தப்பு செய்துவிட்டோமோ என்று தூக்கம் கெட்டது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து, சோற்றுப் பாத்திரத்தோடு அவரே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாங்க சொன்ன மாதிரி நீங்களும் சொல்லியிருந்தா, என் புள்ள மண்ணு போடத்தான் வந்திருப்பான், தங்கச்சி" என்றார்.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.